வண்ணம் பார்த்தோம், காரணம் எங்கே?
(குரங்கணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2018 மார்ச் 11 அன்று இந்த மலையில் எரிந்த தீயை நாம் மறக்க முடியாது. மலையேற வந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் வாழவேண்டிய வயதினர். அவர்களுக்கு நமது அஞ்சலி.

அந்த நாட்களில் டெலிவிஷன் என்ன காட்டியது? செந்தீ, கரும்புகை, வட்டமிடும் ஹெலிகாப்டர். ஓவியன் தீட்டியதுபோல் வண்ணத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஆண்டுதோறும் கோடையில் காடு ஏன் பற்றுகிறது? தீத்தடுப்புக் கோடு வெட்ட எத்தனை ஆள், அவர்களுக்கு என்ன கூலி? மீட்க மலைமேல் ஓடிய ஊர்மக்கள் யார்? இவற்றுக்கு எத்தனை நிமிஷம் கிடைத்தது? தீ அணைந்தது, காமிராவும் மலையிறங்கிவிட்டது.

அழகாகப் படம் பிடிப்பது குற்றமா? இல்லை, தோழர்களே! அந்தப் படம் எதைச் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

1943இல் வங்கத்தில் பஞ்சம். லட்சக்கணக்கானோர் மடிந்தனர். நமது கட்சியின் ஓவியர் சித்தப்ரசாத் மிட்னாப்பூர் ஜில்லாவில் ஊர் ஊராகச் சென்றார். கறுப்பு மையால் எலும்பும் தோலுமான மக்களை வரைந்தார். வரைந்ததோடு நிற்கவில்லை. அவர்கள் பெயர் என்ன, எந்த ஊர், எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள் என்று விசாரித்து எழுதினார். 'பசித்த வங்கம்' என்ற அந்தச் சிறு நூலின் பிரதிகளை வெள்ளையர் ஆட்சி பறிமுதல் செய்து எரித்தது. வண்ணமே இல்லாத கோடுகளைக் கண்டு சாம்ராஜ்யம் ஏன் அஞ்சியது? பஞ்சம் வானம் தந்ததல்ல, மனிதர் விளைவித்தது என்ற உண்மை அதில் இருந்தது!

தமிழ்நாட்டில் 2006இல் அரசு இலவசக் கலர் டெலிவிஷன் வழங்கத் தொடங்கியது. குடிசைக்கும் பெட்டி வந்தது, நல்லதே. பெட்டி நம்முடையது. அதில் வரும் படம் யாருடையது? பெரும்பாலும் விளம்பரம் கொடுக்கும் முதலாளியின் பணத்தில் ஓடுவது. அதனால்தான் டாப் ஸ்டேஷன் பனிமூட்டம் அழகாகத் தெரிகிறது. விடியுமுன் போடியில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, ஏலக்காட்டுக்குப் போகும் நம் பெண்கள் தெரிவதில்லை. பஞ்சாலையில் இயந்திரம் விரலை நசுக்கினால் எந்தக் காமிராவும் வருவதில்லை.

பெட்டியை உடைக்க நாம் சொல்லவில்லை. பாருங்கள். பார்த்தபின் கேளுங்கள்: இந்தப் படத்தில் உழைப்பவன் எங்கே? நடந்ததற்குக் காரணம் யார்? பதில் இல்லையென்றால், அதைச் சொல்லும் வேலை நம்முடையது. லயத்திலும் ஆலை வாசலிலும் கூடிப் பேசுவோம், எழுதுவோம், வரைவோம்!