கை ஒண்ணுதான், டீம் ரெண்டு

போன எபிசோடுல பேட்டிங் பத்திப் பேசினோம். இன்னைக்கு பிட்சிங். குறிப்பா, 9 வயசுலேர்ந்து 14 வயசு வரைக்கும் உள்ள பசங்களோட முழங்கை.

நான் நியூஜெர்சியில லிட்டில் லீக் டீம் ஒண்ணுக்கு வாலன்டியர் கோச். நம்ம தமிழ்ப் பிள்ளைங்க இப்ப நிறைய பேர் ஆட வர்றாங்க. அப்பாக்கள் எல்லாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவங்க, அதனால முதல் கேள்வியே "ஸ்பீடு எவ்வளவு?"ங்கிறதுதான். நான் திருப்பிக் கேக்குறது, "இந்த வாரம் மொத்தம் எத்தனை பந்து போட்டான்?" பதில் வராது.

கிரிக்கெட்ல ஆறு பந்து போட்டா அடுத்த ஓவர் வேற ஒருத்தர். கையையும் மடக்கி எறியக் கூடாது. பேஸ்பால் பிட்சர் ஒவ்வொரு பந்துக்கும் முழங்கையை மடக்கி, பின்னால இழுத்து, சுண்டி எறியறான். அந்த இழுவை முழுக்க முழங்கையோட உள்பக்கத்துல விழுது. பெரியவங்களுக்கு அங்க இருக்கிற நார் கிழியும். சின்னப் பசங்களுக்கு எலும்பு இன்னும் வளர்ந்துட்டு இருக்கு. வளர்ற அந்த இடம் நாரை விட பலவீனம், அதனால முதல்ல அடி வாங்குறது அதுதான்.

"டாமி ஜான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா ஸ்பீடு கூடுமாமே?"ன்னு ஒரு அப்பா கேட்டார். கூடாது. 1974ல டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு முதல்முதலா செஞ்ச சிகிச்சை அது. அவர் 1975 சீசன் முழுக்க ஆடலை. 1976ல திரும்பி வந்து 1989 வரைக்கும் ஆடினார், உண்மைதான். ஆனா அது கிழிஞ்சதைச் சரிபண்ற வேலை. நல்லா இருக்கிற கைக்கு அதைப் பரிசு மாதிரி நினைக்கிறது எனக்குக் கோபம் வர்ற விஷயம்.

லிட்டில் லீக் 2007ல இன்னிங்ஸ் கணக்கை விட்டுட்டுப் பந்துக் கணக்குக்கு வந்துச்சு. 9, 10 வயசுக்கு ஒரு நாளைக்கு 75. 11, 12க்கு 85. எல்லாரும் இதை மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க. அதை விட முக்கியம் ஓய்வு நாள். 14 வயசு வரைக்கும், 51லேர்ந்து 65 பந்து போட்டா 3 நாள். 66க்கு மேல போனா 4 நாள்.

இப்ப ஒரு பையன் சனிக்கிழமை நம்ம டீமுக்கு 60 பந்து போடறான். ஞாயித்துக்கிழமை காசு கட்டிச் சேர்த்த டிராவல் டீமுக்கு 50. ரெண்டு கோச்சும் விதிக்குள்ளதான் இருக்கோம்னு நினைக்கிறாங்க. ஆனா பையனுக்குச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஓய்வு இருந்திருக்கணும். ரெண்டு நோட்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவனோட அப்பா, அம்மா. "ப்ரோ, இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ்தானே"ன்னு வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்றவங்களும் அவங்களேதான்!

கணக்கு எட்டுறதுக்கு முன்னாலயே கை சோர்ந்துடலாம். முழங்கை தாழ ஆரம்பிக்கும். பந்து உயரமாப் போகும். ஒவ்வொரு பந்துக்கும் நடுவுல கையை உதறுவான், ஷூ லேஸைக் கட்டுவான். "வலிக்குதா?"ன்னு கேட்டா எந்தப் பையனும் ஆமான்னு சொல்ல மாட்டான், அப்பா பார்த்துட்டு இருக்கார் இல்லையா? அதனால நான் கேக்கிறதில்லை. மாத்திடறேன்.

ஜப்பான்ல 2019ல நடந்தது தெரியுமா? ரோகி சசாகி, 160 கிலோமீட்டருக்கு மேல போடற ஹைஸ்கூல் பையன். இவாதே மாநில ஃபைனல். ஜெயிச்சா கோஷியன், அந்த நாட்டோட பெரிய கனவு. முந்தின நாள் செமிஃபைனல்ல 129 பந்து போட்டிருந்தான். கோச் அவனை இறக்கவே இல்லை. டீம் 12-2ன்னு தோத்துச்சு. ஸ்கூலுக்கு போன்ல திட்டு. 2022ல அதே சசாகி, 20 வயசுல, புரோ லீக்ல பெர்ஃபெக்ட் கேம் போட்டார், 19 ஸ்ட்ரைக்அவுட். அதுக்கப்புறம் காயமே வரலைன்னு சொல்ல மாட்டேன். 2025ல டாட்ஜர்ஸ்ல தோள்பட்டைப் பிரச்சினையில பல மாசம் வெளியே இருந்தார். அந்தக் கோச் எடுத்த முடிவு சரின்னுதான் இன்னமும் நினைக்கிறேன்.

இன்னொண்ணு: பிட்ச் பண்ணிட்டு உடனே கேட்சரா உட்கார வைக்காதீங்க. கேட்சரும் எறிஞ்சுட்டேதான் இருக்கான். வருஷத்துல நாலு மாசமாவது கை எறியாம இருக்கணும், அதுல ரெண்டு மூணு மாசம் தொடர்ச்சியா. அப்ப நீச்சல், ஃபுட்பால்னு எதுவேணா ஆடட்டும்.

கர்வ்பால் எப்பன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முதல்ல சேஞ்ச்அப் வரட்டும். அதைப் பிடிக்கிற விதம் அடுத்த எபிசோடுல.