மரத்த காலும் நோவறியும் காலும்
(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



ஆடி அமாவாசையன்று மாவிட்டபுரத்துக் கந்தப்பெருமான் தீர்த்தமாடக் கீரிமலைக்கு எழுந்தருளுகையில் வெறுங்காலோடு பின்செல்வோர் பலர். சுடுகின்ற தார் வீதியிலே சிலர் காலை மாற்றி மாற்றி வைத்து ஓடுவர். சிலரோ சிறிதும் சலியாது நடப்பர். இவர்களைப் பக்தியில் மேம்பட்டோர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இவர்களுள் சலரோகத்தினால் உள்ளங்கால் மரத்தோரும் இருக்கலாமன்றோ?

பாத அமுக்கத்தை அளப்பது புதிய வித்தையன்று. கனடா நாட்டு ஹரிஸ், பீத் என்னும் இருவர் படைவீரரின் பாதங்களை ஆராய்ந்து 1947இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கையாண்டது வெறும் றப்பர் விரிப்பு. அதில் உயரம் வேறுபட்ட வரம்புகள் உண்டு. மை பூசிக் கடதாசியோடு சேர்த்து வைத்து மிதிக்கச் செய்தால், மெல்ல மிதித்த இடத்தில் உயர்ந்த வரம்பு மாத்திரம் பதியும். கனத்து அழுந்திய இடமோ முற்றாகக் கறுத்துவிடும்.

பாரமானவர் கால்தான் கூடுதலாக அழுந்தும் என்பது முழு உண்மையன்று. 60 கிலோ பாரம் 100 சதுர சென்ரிமீற்றரில் பரவினால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.6 கிலோ, விரலடியில் 20 சதுர சென்ரிமீற்றரில் குவிந்தாலோ 3 கிலோ! ஆகவே மெலிந்தவர் காலிலும் எலும்பு துருத்திய இடத்தில் புண் வரும். வேகமாக நடந்தாலும் அமுக்கம் மாறும். இருவரை ஒப்பிடுவதாயின் ஒரே வேகத்தில் நடக்கவிட்டுப் பல அடிகளை எடுக்கவேண்டும். ஒற்றைத் தடத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது கைரேகை பார்ப்பதற்கு ஒப்பாகும்.

டொக்டர் போல் பிராண்ட் என்பார் மிஷனரிமாரின் மகனாக 1914இல் கொல்லிமலையிலே பிறந்து, வேலூரில் தொழுநோயாளருக்குச் சிகிச்சை செய்தவர். (இந்துச் சபையிலே அவரைப் புகழ்வதற்கு எவரும் முகஞ்சுளியார் என நம்புகிறோம்.) 1966இல் ஐக்கிய அமெரிக்காவின் கார்வில் ஆஸ்பத்திரிக்குச் சென்றபின், சாயம் அடைத்த நுண்ணிய உறைகள் பொருந்திய காலுறையை அவரும் துணைவரும் பயன்படுத்தினர். அழுந்திய இடத்தில் உறை உடைந்து நிறங்காட்டும். நோவறியும் கால் நெடுந்தூரம் செல்கையில் தானாகவே மிதிப்பை மாற்றுகிறது; ஓரிடம் நொந்தால் பாரம் மற்றோரிடம் போகும். மரத்த காலோ முதலடி விழுந்த இடத்திலேயே ஆயிரமாவது அடியையும் ஊன்றுகிறது. ஆதலால் முதலடியில் இருவர் தடமும் ஒன்றுபோலத் தோன்றினும், வேற்றுமை நெடுவழியிலேதான் வெளிப்படும். புண் உண்டாவதும் அங்ஙனமே. அது அறியப்படாமல் அழுகிக் காலையே இழந்தோரும் உளர்.

மெதுமையான நுண்துளை றப்பர் பாதணி அமுக்கத்தைக் குறைக்கும். சென்னையில் சலரோகிகளிடம் செய்யப்பட்டு 2004இல் வெளிவந்த ஆய்வும் இதனைக் காட்டிற்று. கோயிலினுள் செருப்பு வேண்டுமென்று வாதாட நாம் வரவில்லை. ஆயின் தார் வீதி கோயிலாகாது; அங்கே பாதணி அணிந்து வருபவரை ஏளனமாகப் பார்க்கும் வழக்கத்தை நம் தொண்டர்களாவது விடவேண்டும்.

தீர்த்தத்துக்கு முந்திய வாரத்தில் வீட்டிலுள்ள சலரோகிகளைக் கண்மூடச் செய்து, பாதத்தில் விரல்நுனியால் மெல்லத் தொட்டு, எவ்விடம் என்று கேட்போம். சொல்லத் தெரியாதவரைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு நாமே அழைத்துச் செல்வோம். இரண்டு கார்களும், துணைக்கு நால்வரும் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் தருக.