வட்டிக்காரன் யார், தையல்காரன் யார்?

(தொழிற்சங்க அரசியல் வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய உரை)



போன கூட்டம் முடிந்து வெளியே போகும்போது ஒரு தோழர் என்னை நிறுத்திக் கேட்டார். "யூதன் என்றால் வட்டிக்காரன் என்றுதானே நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம்? லண்டனில் யூதத் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள் என்கிறீர்களே, அது எப்படி?" என்றார். நல்ல கேள்வி. நின்றபடி பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல. அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன் என்றேன். அந்தக் கடனை இன்று தீர்க்கிறேன்.

1066ல் நார்மண்டி பிரபு வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தான். அவனுக்குப் பின்னால் ரூவான் நகரத்திலிருந்து யூதர்கள் சிலர் வந்து குடியேறினார்கள். கைவினைஞர் சங்கங்களில் கிறிஸ்தவனுக்குத்தான் இடம். கிறிஸ்தவன் வட்டி வாங்குவது பாவம் என்றது திருச்சபை. ஆனால் பிரபுவுக்குக் கோட்டை கட்டப் பணம் வேண்டும், சண்டை போடப் பணம் வேண்டும். மடாதிபதிக்கு மடம் கட்டப் பணம் வேண்டும். ஆகவே யூதனுக்குத் திறந்திருந்த கதவு பெரும்பாலும் அது ஒன்றுதான்.

சட்டப்படி யூதன் அரசனின் உடைமை. அவன் சேர்த்த காசு அரசன் கை நீட்டும் வரையில்தான் அவன் காசு. லிங்கன் நகரத்து ஆரோன் என்ற பெரிய லேவாதேவிக்காரர் 1186ல் இறந்தார். சொத்து முழுவதையும் இரண்டாம் ஹென்றி எடுத்துக்கொண்டான். அவருக்கு வரவேண்டிய கடன் மட்டும் சுமார் 15,000 பவுன். அதை வசூலிக்க அரசாங்கக் கஜானாவில் தனி இலாகாவே வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிரபு குடியானவனைக் கசக்கினான். யூதன் பிரபுவிடம் வட்டி வாங்கினான். அரசன் யூதனைப் பிழிந்தான். திட்டு மட்டும் நடுவில் நின்றவனுக்கு!

1190 மார்ச்சில் யார்க் நகரத்தில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சிலுவைப் போர் வெறி பரவியிருந்த காலம். அந்த ஊர் யூதர்கள், பெண்டு பிள்ளைகளோடு சுமார் 150 பேர், அரசனின் கோட்டைக் கோபுரத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். கூட்டம் வளைத்துக்கொண்டது. தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் பெரும்பாலோர் தங்கள் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உயிர்ப்பிச்சை தருவதாகச் சொன்னதை நம்பி வெளியே வந்தவர்களை வாசலிலேயே வெட்டினார்கள்.

இதற்குப் பிறகு அந்தக் கூட்டம் எங்கே போயிற்று? நேராகப் பெரிய தேவாலயத்துக்குப் போயிற்று. யூதர்களின் கடன் பத்திரங்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கேதான் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை அள்ளி, கோயிலுக்குள்ளேயே போட்டுக் கொளுத்தினார்கள். தலைமையில் நின்றவர்களில் ஒருவன் ரிச்சர்ட் மாலெபிஸ், யூதர்களுக்குக் கடன்பட்ட பிரபு. மதத்தின் பெயரால் ஆரம்பித்த காரியம் எதில் போய் முடிந்தது பாருங்கள்!

அரசாங்கம் என்ன செய்தது? சிலருக்குத் தண்டம் போட்டது. 1194ல், இனிமேல் ஒவ்வொரு கடன் பத்திரத்துக்கும் நகல் எழுதி அரசாங்கப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மனிதர்களுக்குப் பாதுகாப்பு வந்ததோ இல்லையோ, பத்திரத்துக்கு வந்தது.

அப்புறம் நூறு வருஷம் கறந்தார்கள். 1275ல் வட்டித் தொழிலையும் தடை செய்து, ஏழு வயது ஆன ஒவ்வொரு யூதனும் மஞ்சள் துணி அடையாளம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மாடு வற்றிப் போயிற்று. 1290ல் முதலாம் எட்வர்ட் எல்லோரையும் நாட்டை விட்டு விரட்டினான். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் இருக்கலாம். அதே வருஷம் பார்லிமெண்ட் அவனுக்கு மிகப் பெரிய வரி ஒன்றை மனமுவந்து வழங்கியது.

அதற்குப் பின் 366 வருஷம் அந்த நாட்டில் யூதன் வெளிப்படையாக வாழ முடியவில்லை. 1656ல் கிராம்வெல் காலத்தில் திரும்ப இடம் கிடைத்தது. வாணிபத்துக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். 1847ல் லயனல் ராத்ஸ்சைல்ட் என்ற பாங்கு முதலாளி லண்டன் நகரத்தில் தேர்தலில் ஜெயித்தார். கிறிஸ்தவப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பதினொரு வருஷம் காத்திருந்து 1858ல்தான் சபையில் உட்கார்ந்தார். பணக்கார யூதனுக்கு இப்படிக் கதவு திறந்தது. நம் தோழர் கேட்ட தையல்காரன் இன்னும் வரவில்லை.

அவன் 1881க்குப் பிறகு வருகிறான். ஜார் ஆட்சியில் யூதர் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. வறுமையும் துரத்தியது. லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள், பெரும்பாலோர் அமெரிக்கா போனார்கள். 1914க்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பிரிட்டனில் தங்கினார்கள். கிழக்கு லண்டனில் வைட்சேப்பல், ஸ்டெப்னி. துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்துகள். பெரிய ஜவுளிக் கடை துணியை வெட்டி மூட்டையாகக் கொடுக்கும். சின்ன மேஸ்திரி அதை வீட்டு அறைக்குக் கொண்டு போவான். அந்த ஒரே அறையில் தையல் மெஷின், இஸ்திரி அடுப்பு, பித்தான் தைக்கும் பெண்கள், மேஸ்திரியின் குழந்தைகள். சீஸன் வந்தால் தினம் பதினாலு, பதினாறு மணி நேரம். சீஸன் போனால் பட்டினி. வேலை கேட்டுத் தெருவில் கூடி நிற்கும் இடத்துக்கு அவர்களே வைத்த பெயர் "பன்றிச் சந்தை". பன்றி அவர்களுக்கு விலக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்தப் பெயரின் கசப்பு விளங்கும். அந்த மேஸ்திரியும் யூதன்தான், தோழர்களே. கூலி குறைக்கும்போது அவன் வேதம் பார்க்கவில்லை.

1889 ஆகஸ்டில் லண்டன் துறைமுகத் தொழிலாளிகளின் மாபெரும் வேலை நிறுத்தம். அதே சமயம் ஆயிரக்கணக்கான தையல் தொழிலாளிகளும் வெளியே வந்தார்கள். என்ன கேட்டார்கள்? பன்னிரண்டு மணி நேர வேலை; அதில் ஒன்றரை மணி சாப்பாட்டுக்கும் தேநீருக்கும். அவ்வளவுதான்! துறைமுகத் தொழிலாளிகள் தங்கள் போராட்ட நிதியிலிருந்து 100 பவுன் எடுத்துக் கொடுத்தார்கள். கோரிக்கை ஜெயித்தது. ஆனால் அடுத்த மந்த சீஸனில் மேஸ்திரிகள் பலர் பழையபடி ஆனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

நம் பக்கத்துத் தவறையும் சொல்லத்தான் வேண்டும். 1890களில் பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரசே, வெளிநாட்டு ஏழைகளை உள்ளே விடாதே என்று தீர்மானம் போட்டது. யூதத் தொழிற்சங்கங்கள் 1895ல் ஒரு பிரசுரம் வெளியிட்டுப் பதில் சொல்லின. 1905ல் அந்நியர் சட்டம் வந்தே விட்டது.

1912ல் மேற்கு லண்டன் தையல்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, அவர்கள் வேலையைக் கிழக்கு லண்டன் யூதத் தொழிலாளி செய்து காட்டிக்கொடுப்பான் என்று முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். சுமார் 13,000 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள்! முன்னின்றவர் ருடால்ப் ராக்கர். அவர் யூதர் அல்ல, ஜெர்மானியர். தொழிலாளிகளுக்காக அவர்களுடைய இட்டிஷ் மொழியைக் கற்று அதில் பத்திரிகை நடத்தியவர். அராஜகவாதி. அவர் கொள்கையோடு நமக்குச் சம்மதம் இல்லை; அவர் உழைப்பை யார் மறுக்க முடியும்? மூன்று வாரத்தில் வெற்றி. துறைமுகத் தொழிலாளிகளின் போராட்டமோ நீண்டுகொண்டே போனது. அவர்கள் பிள்ளைகள் பட்டினி. யூதக் குடும்பங்கள் முந்நூறு குழந்தைகளுக்கு மேல் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொண்டன. அவர்களில் ஐரிஷ் கத்தோலிக்கப் பிள்ளைகள் பலர்.

இருபத்து நாலு வருஷம் கழித்து, 1936 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்வால்ட் மோஸ்லி தன் கறுப்புச் சட்டைப் பாசிஸ்டுகளை யூதத் தெருக்கள் வழியாக நடத்திப் போகப் போவதாக அறிவித்தான். தடை செய் என்று கையெழுத்து மகஜர் போயிற்று. உள்துறை மந்திரி ஜான் சைமன் மறுத்தார். பிரமுகர்களின் யூத சபை "வீட்டுக்குள் இருங்கள்" என்றது. கம்யூனிஸ்ட் கட்சியின் லண்டன் தலைமையும் முதலில் டிரபால்கர் சதுக்கத்தில் ஸ்பெயின் ஆதரவுக் கூட்டத்துக்கே ஆள் திரட்டிக்கொண்டிருந்தது. ஸ்டெப்னி தோழர்கள் விடவில்லை. கடைசி நேரத்தில் துண்டுப் பிரசுரத்தின் மேலேயே இடத்தை மாற்றி அச்சடித்து விநியோகித்தார்கள்.

ஒரு லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் திரண்டார்கள். டிராம் ஓட்டிய தொழிலாளி ஒருவர் சந்திப்பு நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட போலீஸ், குதிரைப் போலீஸ் வேறு. அந்த வழி அடைபட்டதும் கேபிள் தெருவுக்குத் திரும்பினார்கள். அங்கே லாரி குறுக்கே. மேஜை நாற்காலி குறுக்கே. மாடி ஜன்னல்களிலிருந்து பெண்கள் கைக்குக் கிடைத்ததை வீசினார்கள். தெருவின் அந்தக் கோடியில் நின்று தடுத்தவர்கள் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளிகள். மோஸ்லி திரும்பிப் போனான்.

இத்தோடு கதையை முடிப்பவர்கள் உண்டு. நான் முடிக்க மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பாசிஸ்டுகள் மைல் எண்டு சாலையில் யூதர் கடைகளை உடைத்தார்கள். 1937 மார்ச் உள்ளூர்த் தேர்தலில் பக்கத்துப் பெத்னல் கிரீனில் அவர்களுக்கு ஐந்தில் ஒரு ஓட்டுக்கு மேல் விழுந்தது. போட்டவன் யார்? பெரும்பாலும் நம்மைப் போன்ற ஏழைதான். ஈரச் சுவர், மூட்டைப்பூச்சி, வாடகை பாக்கி. எல்லாவற்றுக்கும் யூதன் காரணம் என்று அவன் காதில் ஓதியிருந்தார்கள்.

பில் பிராட்டின் என்ற ஸ்டெப்னி தோழர் இதைத்தான் யோசித்தார். அந்த வருஷமே பாரகன் மான்ஷன்ஸ் என்ற குடியிருப்பில் இரண்டு குடும்பங்களை வாடகை பாக்கிக்காக வெளியேற்ற உத்தரவு வந்தது. தோழர்கள் போய்ப் பார்த்தால் இரண்டும் பாசிஸ்டு கட்சி அங்கத்தினர் குடும்பங்கள்! "கிடக்கட்டும்" என்று திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. பாசிஸ்டு கட்சி அந்தக் குடும்பங்களுக்கு உதவவில்லை. கம்யூனிஸ்டுகள் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து, வாசலை அடைத்து, அமீனாவையும் போலீசையும் தடுத்தார்கள். வெளியேற்றம் நின்றது. கறுப்புச் சட்டைக் கட்சியின் அங்கத்தினர் அட்டைகள் கிழிந்தன. யாரும் கிழிக்கச் சொல்லவில்லை.

1945ல் அதே மைல் எண்டு தொகுதி பில் பிராட்டினைக் கம்யூனிஸ்டு அங்கத்தினராகப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. அவர் யூதர்.

பின்னால் அந்த மக்கள் மெல்ல மெல்ல புறநகர்களுக்குப் போனார்கள். பிரிக் லேன் தெருவில் ஒரு கட்டிடம் இருக்கிறது. 1743ல் பிரான்சிலிருந்து ஓடி வந்த பட்டு நெசவாளர் சமூகத்தின் தேவாலயம். 1898ல் யூத ஜெப ஆலயம். 1976 முதல் வங்காளி முஸ்லிம்களின் பள்ளிவாசல். 1978 மே 4ந் தேதி, ஆல்தாப் அலி என்ற வங்காளித் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும்போது வைட்சேப்பலில் குத்திக் கொல்லப்பட்டார். அவரும் துணி தைக்கும் தொழிலாளிதான். பத்து நாள் கழித்து சுமார் ஏழாயிரம் பேர் சவப்பெட்டிக்குப் பின்னால் பிரதம மந்திரி வீடு வரை நடந்தார்கள். அவர் விழுந்த இடத்துப் பூங்காவுக்கு இப்போது அவர் பெயர்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தோழர்களே.