கைநாட்டும் கைப்பேசியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் பாட்டன்மார் கம்பம் மலையேறி இந்த ஏலமலைக்கு வந்த காலத்தில், கூலிக் கணக்கிலும் கடன் பத்திரத்திலும் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினர். அதற்குக் கைநாட்டு என்று பெயர். 1991 ஏப்ரல் 18-ஆம் நாள் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என அறிவிக்கப்பட்டது. கைநாட்டு வைத்த கைகள் பேனா பிடித்துத் தம் பெயரை எழுதியதைப் பெரும்பேறாக எண்ணினோம். இன்றோ பட்டம் பெற்ற பேரன் தன் கைப்பேசியைத் திறக்க நாள் முழுதும் பெருவிரலை ஒற்றிக்கொண்டிருக்கிறான்!

இதனைப் பழிக்க யான் வரவில்லை. நல்ல கைப்பேசி நம் ரேகையைப் படமாக வைத்துக்கொள்வதில்லை. அதனைக் கணக்குக் குறிகளாக மாற்றித் தன்னுள்ளே தனியான ஒரு பாதுகாப்புப் பகுதியில் பூட்டி வைக்கிறது. பிறர் விரல் ஒன்று தற்செயலாகப் பொருந்துவதற்கு 50,000-இல் ஒரு வாய்ப்பே உண்டு என்று ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. நான்கு இலக்க எண்ணிலோ 10,000 வகைகளே உள்ளன. அவற்றுள்ளும் நம்மவர் தேடிப் பிடித்து வைப்பது 1234! குமுளிப் பேருந்து நெரிசலில் தோளுக்குப் பின்னால் நிற்பவன் அதனைப் படித்துவிடுவான். விரலைப் படிக்க இயலாது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இரகசிய எண் கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் கெட்டுப்போனால் யாது செய்வது? தேநீர்க் குவளையிலும் கதவுப் பிடியிலும் அதனைப் பதித்துவிட்டே நடக்கிறோம். 2013-இல் ஐபோனில் விரற்பூட்டு வந்த சில நாட்களிலேயே, கண்ணாடியில் படிந்த ரேகையைப் படமெடுத்துப் போலி விரல் செய்து, செருமானியக் கணினிக் கழகத்தார் ஒருவர் அதனைத் திறந்து காட்டினார். 2014-இல் அவரே தம் நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரின் பெருவிரல் ரேகையை வெறும் ஒளிப்படங்களிலிருந்து உருவாக்கினார். மலேசியாவில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 2005-இல் விரலால் இயங்கும் காரொன்றைப் பறித்த கள்வர், அதன் உரிமையாளரின் விரலையே வெட்டிச் சென்றனர்.

சட்டமும் விரலுக்குக் குறைந்த காவலே தருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்பது நம் அரசமைப்பின் 20(3)-ஆம் பிரிவு. ஆனால் விரல் ரேகை தருவது சாட்சி சொல்வதாகாது என 1961-இலேயே உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கைப்பேசியின் இரகசிய எண்ணைப் பொறுத்தவரை நீதிமன்றங்கள் இன்னும் ஒருமுகமாகச் சொல்லவில்லை. மனத்தில் இருப்பதைக் கேட்பதும் கையைப் பிடித்து ஒற்றுவதும் வேறு வேறு என்பது என் கருத்து.

நிற்க. நீதிமன்றம் நமக்குத் தொலைவு; வீடு அண்மை.

நம் காலனியில் ஒரு முதியவள். நாற்பது ஆண்டுகள் ஏலக்காய் பறித்துத் தேய்ந்த விரல்கள். ரேகை காண்பது அரிது. அவளது கைப்பேசி அவள் விரலை அறியவில்லை. ஆகவே பேரன் தன் விரலைப் பதித்துக் கொடுத்தான். அன்புதான், ஐயமில்லை. ஆனால் அவளது கூலியும் ஓய்வூதியமும் வந்து சேரும் வங்கிக் கணக்கு அந்தக் கைப்பேசியில் இருக்கிறது. இப்போது அது யாருடைய கைப்பேசி? அவளைக் கேட்டேன். “அவன் இல்லாட்டி எனக்கே தொறக்காது, சாமி” என்றாள். அவன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது.

அவளோடு அமர்ந்து ஆறு இலக்க எண் ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கச் செய்தோம். மகனின் பிறந்தநாளை வைக்கப் போனாள், வேண்டாமென்றேன். தான் பிறந்த ஊரின் பழைய பேருந்து எண்ணோடு வேறேதோ சேர்த்தாள். அந்த வேறு ஏதென்று யான் கேட்கவில்லை.

இன்னொன்று. கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கினால், இரகசிய எண்ணைத் தராதவரை எவ்விரலுக்கும் அது திறவாது. உறங்குபவர் விரலை எடுத்து ஒற்றும் வேலை அதனோடு தீரும். விலை குறைந்த சில கைப்பேசிகள் முகத்திற்குப் பதில் ஒளிப்படத்தைக் காட்டினாலும் ஏமாந்துபோகும். அவற்றில் முகப்பூட்டு வேண்டா. ஆதார் விரற்பதிவிற்கும் தனிப் பூட்டு உண்டு. பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்த ரேகையைப் படியெடுத்து, ஆதார் வழியாக வங்கிப் பணத்தை எடுத்த வழக்குகள் இந்நாட்டில் பதிவாகியுள்ளன. எடுக்கும் தேவை நேரும்போது மட்டும் அப்பூட்டைத் திறந்துகொள்ளலாம்.

நாடகம் தொடங்க அரை மணி உள்ளது. சங்க நூலக அறையில் நானும் இரு இளைஞரும் இருப்போம். கைப்பேசியோடு வாருங்கள். பதிந்துள்ள விரல்கள் எத்தனை, யாருடையவை என்று பார்த்து, வேண்டாதவற்றை நீக்கித் தருவோம். புதிய எண்ணை வைக்கும்போது மட்டும் எங்களை வெளியே அனுப்பிவிடுங்கள்.