விண்ணப்பத்துக்கு முந்திய ஆண்டு



செஞ்சியிலே பிறந்து, செஞ்சி வட்டாரத்துப் பள்ளிகளிலேயே ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பள்ளியின் கடைசி ஆண்டில் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஆயத்தமாவது எப்படி என்பதுபற்றிப் பேசவேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்றே முதலில் எண்ணினேன். படித்தால் மதிப்பெண் வரும், மதிப்பெண் வந்தால் இடம் கிடைக்கும், அவ்வளவுதானே! பிறகு, நான் கையொப்பமிட்ட பழைய பதிவேடு ஒன்று நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் ஊர் இராஜகிரிக் கோட்டையை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். மராட்டியர் போர்க்கலையோடு தொடர்புடையவை என்று 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. அந்த மலையில் படியேறிக் கால் சோர்ந்து, உச்சி இதோ வந்துவிட்டது என்று நிமிரும்போது, பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கக் காண்பீர்கள். ஏறத்தாழ 24 அடி அகலம். 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தப் பாலத்தை அகற்றிவிட்டால் எதிரே நிற்பவன் எத்தனை பெரிய வீரனாயினும் திரும்பிப் போகவேண்டியதுதான். மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் சற்று நிற்கச் சொல்வேன். பன்னிரண்டு ஆண்டுப் படிகளை ஏறி வந்த பிள்ளை, கடைசிப் பிளவின் ஓரத்தில் நின்றுவிடுவதை நான் பள்ளியிலும் கண்டிருக்கிறேன். காலில் வலுவில்லாமல் நின்றதன்று. பாலம் இல்லாமல் நின்றது.

நான் பள்ளியிறுதித் தேர்வு எழுதியது 1976ஆம் ஆண்டில். மேல்நிலைக் கல்வி 1978இல்தான் வந்தது. அதற்கு முன் பதினோராம் வகுப்போடு பள்ளி முடியும். பிறகு கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பு. என் தந்தையார் மணிலா பயிரிட்டவர். கையெழுத்துப் போடுவார், படிக்கத் தெரியாது. விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவர் எங்கள் தமிழாசிரியர். முன்னும் பின்னுமாக ஒரே தாள். ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்தது. மறுநாள் பேருந்தில் திண்டிவனம் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். செஞ்சிக்கு அன்றும் ரயில் இல்லை, இன்றும் இல்லை, அது வேறு கதை.

இன்று வாயில்கள் பெருகிவிட்டன. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவர், ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வியில் சேர்ந்தால் அவருடைய கல்விக் கட்டணத்தை 2010ஆம் ஆண்டு முதல் அரசே ஏற்று வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்வியில் நூற்றுக்கு ஏழரை இடங்களை 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. மறு ஆண்டுச் சட்டம் அதே பங்கைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரித்தது. கல்லூரிக்குச் செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்குரிய தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. எங்கள் காலத்தில் இவற்றில் ஒன்றேனும் இருந்திருந்தால் என்னோடு படித்தவர்களில் இன்னும் பத்துப் பேராவது பட்டம் பெற்றிருப்பார்கள்.

ஆனால் இந்த உரிமைகள் ஒவ்வொன்றும் ஒரு தாளில் தொங்குகின்றன. இனச்சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, எந்தெந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தீர் என்பதற்குச் சான்று. தாள் இல்லையேல் உரிமை இல்லை. ஓய்வு பெற்ற பின்பும் மே மாதத்தில் என் வீட்டுத் திண்ணை காலியாக இருப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கி வேறு பள்ளிக்கு மாற்றி, இரண்டு ஆண்டு கழித்துக் கட்டணம் கட்ட இயலாமல் மறுபடியும் அரசுப் பள்ளிக்கே அழைத்து வந்த பெற்றோர் அங்கே வந்து உட்காருவார்கள். ஏழரை விழுக்காடு உங்கள் பிள்ளைக்கு இல்லை என்று அவர்களிடம் சொல்வது எளிய செயல் அன்று.

இப்போது அந்தப் பதிவேட்டின் கதையைச் சொல்கிறேன்.

செஞ்சிக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலம். இருளர் குடியைச் சேர்ந்த ஒரு பெண் எங்களிடம் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தாள். இருளர் பழங்குடியினர், தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினராக அரசு வகுத்திருக்கும் ஆறு பிரிவுகளில் ஒன்று. அவள் பெற்றோர் செங்கற்சூளையிலே வேலை பார்த்தார்கள். சூளை நடக்கும் மாதங்களில் பெற்றோர் அங்கே; இவள் பாட்டியோடு ஊரிலே. 2012ஆம் ஆண்டு மே மாதத்தில் தேர்வு முடிவு வந்தது. 1200 மதிப்பெண்ணுக்கு 900க்கு மேல் பெற்றிருந்தாள். அரசுக் கலைக் கல்லூரிக்கு அது தாராளமாகப் போதும். பள்ளியே மகிழ்ந்தது. மறுவாரம் விண்ணப்பத் தாளோடு என் அறைக்கு வந்து நின்றாள். “ஐயா, சாதிச் சான்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை” என்றாள்.

மற்ற வகுப்பினருக்கு இந்தச் சான்றை வட்டாட்சியர் அலுவலகத்திலேயே பெற்றுவிடலாம். பழங்குடியினருக்கோ 1989ஆம் ஆண்டு முதல் கோட்டாட்சியர்தாம் வழங்கவேண்டும். போலிச் சான்றுகளைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. அதன் நோக்கத்தில் பழுதில்லை. ஆயினும், விசாரணைக்கு வருகிறவர் கேட்கும் முதற்கேள்வி, “உங்கள் உறவினர் எவரிடமாவது சான்று இருக்கிறதா?” என்பது. பரம்பரையில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய பெண்ணிடம் இதைக் கேட்டால் அவள் எங்கே போவாள்? நானும் அவளோடு அலைந்தேன். மனு கொடுத்தோம், விசாரணைக்கு நாள் குறித்தார்கள், குறித்த நாளில் தந்தை சூளையிலிருந்து வர இயலவில்லை. மறுபடியும் நாள் குறித்தார்கள். சான்று கைக்கு வந்தபோது ஆகஸ்டு மாதம் பாதி கழிந்துவிட்டது. கல்லூரியில் சேர்க்கை முடிந்து வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டு அவள் பாட்டியை விட்டுச் சூளைக்குப் போனாள்.

யாருடைய குற்றம் என்று நான் பல நாள் அலுவலகங்களையே நொந்துகொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் ஏதோ தேவைக்காகச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் பெண் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வரிசையிலே, இனச்சான்று என்ற கட்டத்தில், ‘அளிக்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தது. ஒவ்வோராண்டும் உதவித்தொகைப் பட்டியல் தயாரிக்கும்போது அதே சொல் திரும்ப எழுதப்பட்டிருந்தது. கடைசி ஐந்து பட்டியல்களின் அடியில் இருந்த கையொப்பம் என்னுடையது. ஏழு ஆண்டுக் கால அவகாசத்தை ஏழு வாரமாகச் சுருக்கியவன் நான்.

அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைத் தம் வீட்டுப் பெட்டியில் உள்ள தாள்களையெல்லாம் எடுத்து வரச் செய்தேன். அப்போது கண்ட வேடிக்கைகளைச் சொன்னால் நேரம் போதாது. ஒரு பையனுடைய பெயர் பத்தாம் வகுப்புச் சான்றில் ஒருவிதம், குடும்ப அட்டையில் ஒருவிதம், வங்கிப் புத்தகத்தில் மற்றொரு விதம். தமிழில் மூன்றும் ஒன்றே. ஆங்கில எழுத்திலேதான் ஒரு பையன் மூவராகிவிட்டான். ஒரு பெண்ணுக்குத் தலைப்பெழுத்து ஓரிடத்தில் பெயருக்கு முன்னும் ஓரிடத்தில் பின்னும் நின்றது. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒத்துவரவில்லையென்றால் மாதம் ஆயிரம் ரூபாய் வந்து சேராது. பிறந்த நாளைப்பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. பள்ளியிற் சேர்க்கும்போது ஆசிரியரே வயதைக் கணக்கிட்டு ஜூன் மாதத்தில் ஒரு நாளை எழுதிவிடுவது பழைய வழக்கம். என் பிறந்த நாளும் அப்படிப்பட்டதே. நான் கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் பிறந்தவன் என்பது என் தாயார் வாக்கு. சிரிக்கவேண்டாம். பொறியியல் சேர்க்கையில் இருவருடைய மதிப்பெண்கள் எல்லாம் ஒத்துவந்தால் வயதில் மூத்தவருக்கே முன்னிடம். எந்த ஆசிரியரோ என்றோ எழுதிய ஒரு நாள் அங்கே பேசும்.

இப்பிழைகளைப் பொதுத்தேர்வுக்கு முன், பள்ளியிலிருந்து பெயர்ப்பட்டியல் போவதற்கு முன் திருத்துவது எளிது. மதிப்பெண் சான்று அச்சாகி வந்துவிட்டால் தேர்வுத்துறை வரை போகவேண்டியிருக்கும். மத்திய அரசின் கல்வி நிலையங்களுக்கு விண்ணப்பிக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஒன்றை மறக்கலாகாது. மாநிலத்தின் சாதிச் சான்று அங்கே செல்லாது. அவர்கள் கேட்கும் வடிவில் தனிச்சான்று பெறவேண்டும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. தேர்வு முடிவு வந்த பிறகுதான் விண்ணப்ப காலம் என்று பலர் நினைக்கிறார்கள். கலைக் கல்லூரிகளுக்கும் பொறியியற் கலந்தாய்வுக்கும் அது ஓரளவு பொருந்தும். மற்றவற்றுக்குப் பொருந்தாது. 2025ஆம் ஆண்டு ஜே.இ.இ. முதற்கட்டத் தேர்வுக்கு விண்ணப்பம் பெற்றது 2024 அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் 22 வரை. அவ்வாண்டு நீட் தேர்வுக்குப் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை. அதாவது, அரையாண்டுத் தேர்வு எழுதுமுன் ஒரு வாயில் அடைபட்டுவிட்டது. பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே மற்றொன்று அடைபட்டுவிட்டது. நாட்கள் ஆண்டுதோறும் சிறிது மாறலாம், முறை மாறுவதில்லை.

எந்தப் படிப்பை எடுப்பது என்பதில் அறிவுரை கூற எனக்குத் தயக்கம் உண்டு. என் சொல்லைக் கேட்டுக் கணிதம் எடுத்து வருந்தியவரும் உளர். கேளாமல் வரலாறு எடுத்து உயர்ந்தவரும் உளர். ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள் என்று மட்டும் சொல்வேன். பொறியியலுக்குக் கணிதம் நூறாகவும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகவும் சேர்ந்து 200 ஆகின்றன. அரசுக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலான பாடங்களுக்கு மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணே கணக்கு. தமிழிலக்கியம் படிக்க விரும்புகிறவருக்கோ தமிழ்ப்பாட மதிப்பெண்ணே கணக்கு. “தமிழ்தானே, பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிட்டுப் பின்பு தமிழ் வகுப்பிலேயே இடம் கிடைக்காமல் திரும்பியவர்களை நான் அறிவேன்.

2018ஆம் ஆண்டு முதல் பொறியியற் கலந்தாய்வு இணையவழியே நடக்கிறது. விருப்பமான கல்லூரிகளையும் பாடங்களையும் வரிசையாக எழுதித் தரவேண்டும். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். உங்கள் தரவரிசைக்கு முதலில் எட்டுவது எதுவோ அதைத் தந்துவிட்டு நின்றுவிடும். ஆகவே, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற இடத்தை முதலில் எழுதுவதால் நட்டம் சிறிதும் இல்லை. விரும்பாத இடத்தை மேலே எழுதுவதிலேதான் நட்டம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் இந்த வேலையைக் கணினிக் கடைக்காரர் ஒருவரிடம், கடவுச்சொல்லோடு ஒப்படைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டான். அவர் தமக்கு வேண்டிய ஒரு கல்லூரியை உச்சியில் எழுதிவிட்டார். அரசுக் கல்லூரிக்குரிய தரம் இருந்தும் பையன் அங்கே போய்ச் சேர்ந்தான். கேட்டதற்கு, “எனக்கு ஆங்கிலப் பட்டியல் புரியாது ஐயா” என்றான். அவன் ஆங்கிலத்தில் எழுபது மதிப்பெண் வாங்கியவன்! புரியாதது அன்று, நம்முடைய வேலை அன்று என்று எண்ணிவிட்டான். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் ஒருவருக்குத் தம் விண்ணப்பத்தைத் தாமே நிரப்ப இயலும். நிரப்பியபின் ஆசிரியரிடம் காட்டுங்கள். நிரப்பச் சொல்லி அவரிடம் கொடுக்காதீர்கள். எனக்கு நிரப்பித் தந்த தமிழாசிரியரை நான் மறந்தவனல்லன். ஆயினும் கல்லூரியில் முதல் ஆண்டு முழுவதும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் யாரையாவது துணைக்குத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பெண்ணின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மறு ஆண்டு அவள் கல்லூரியிற் சேர்ந்தாள். சான்று கையில் இருந்தமையால் பத்து நாளில் எல்லாம் முடிந்தது. ஓராண்டு போனது போனதுதான். வகுப்பிலே தன்னைவிட இளையவர்களோடு உட்கார முதலில் கூசினாள் என்று அவள் பாட்டி சொன்னார். அதே ஜூன் மாதத்தில் அவளுடைய தம்பி ஆறாம் வகுப்பிற் சேர எங்கள் பள்ளிக்கு வந்தான். உடன் வந்தவள் அவளே. பையனுடைய இனச்சான்றுக்கு மனுக் கொடுத்த ரசீதையும், அதோடு தன் சான்றின் படியையும் ஒரு நெகிழி உறைக்குள் வைத்து என் மேசைமேல் வைத்தாள். தமக்கையிடம் சான்று இருந்ததால் இம்முறை விசாரணை நீளவில்லை. காலாண்டுத் தேர்வுக்கு முன்பே அந்தத் தாள் வந்துவிட்டது. எழுத்தர் அன்று விடுப்பில் இருந்தார். பதிவேட்டை எடுத்து வரச் சொல்லி, அந்தக் கட்டத்தை நானே நிரப்பினேன்.