எந்தத் தட்டைப் போடுவது?

(பங்கின் பொன்விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற இசை மாலையில், பாடகர் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



பொன்விழா மேடையில் பங்கின் வரலாற்றைப் பேசவேண்டியவர்கள் பேசிவிட்டார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பதினைந்து நிமிடத்தில் இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசப்போகிறோம். "ஒரே பாட்டுக்கு எத்தனை தட்டு வாங்குவீர்கள்?" என்று எங்களைக் கேட்காதவர்கள் இந்தப் பங்கில் குறைவு. அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இந்த உரையை வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு மாலைப் பூசை முடிந்ததும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இந்த மண்டபத்தில் உட்கார்ந்து மேல்நாட்டுத் திருச்சபை இசையைக் கேட்டுவருவது உங்களுக்குத் தெரியும். இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் எங்கள் பாட்டு வாத்தியார் ஐயா. ஆர்மோனியத்துக்குப் பின்னால் நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்த அவர் 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் இறைவனடி சேர்ந்தார். அந்த ஆண்டு கல்லறைத் திருநாளன்று, மந்திரிப்பு முடிந்து மக்கள் திரும்பியபின், அவர் நினைவாக மொசார்ட்டின் மரித்தோர் பூசை இசையை இங்கே முழுமையாக ஒலிக்கவிடுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்ய ஐந்து நிமிடம் ஆயிற்று. எந்த ஒலிப்பதிவு என்று தீர்மானிக்க ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரத்தில் பாடகர் குழு இரண்டாகப் பிளக்காமல் தப்பியதே ஆண்டவர் கருணை என்றுதான் சொல்லவேண்டும்.

இந்த இசையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1791-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவில் வால்செக் என்ற பிரபுவின் இளம் மனைவி இறந்துபோனார். அவருக்காக மரித்தோர் பூசைக்கு இசையமைத்துத் தரும்படி, பிரபு தம் பெயரை மறைத்து ஆளனுப்பி மொசார்ட்டைக் கேட்டுக்கொண்டார். பிறர் எழுதியதைத் தாம் எழுதியதாகக் காட்டிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. மொசார்ட் அந்த வேலையை முடிக்கவில்லை. 1791 டிசம்பர் 5-ஆம் நாள், முப்பத்தைந்தே வயதில் வியன்னாவில் காலமானார். முதல் பகுதி மட்டுமே முழுதாக நிறைவேறியிருந்தது. மற்றப் பல பகுதிகளுக்குப் பாடகர்களின் குரலையும் கீழ்ச்சுருதியையும் எழுதி, வாத்தியங்களுக்கு இடம் விட்டு வைத்திருந்தார். 'லாக்ரிமோசா' என்ற கண்ணீர்ப் பகுதி எட்டு வரிசைத் தாளத்தோடு நின்றுபோயிற்று. பாதிப் பணமே கைக்கு வந்திருந்ததால், விதவையான கொன்ஸ்டான்ஸே அம்மையார் வேறொருவரைக் கொண்டு முடிக்கவேண்டியதாயிற்று. முதலில் எடுத்தவர் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட, சூஸ்மாயர் என்ற உதவியாளர் முடித்துக் கொடுத்தார். 'சாங்துஸ்', 'பெனெதிக்துஸ்', 'ஆஞ்ஞுஸ் தேயி' ஆகியவை தம் கைவேலை என்று அவரே பின்னர் சொன்னார்.

ஆகவே, மொசார்ட்டின் இந்த இசைத்தட்டை வாங்கப் போகிறவர் முதலில் பார்க்கவேண்டியது, யார் முடித்துக்கொடுத்த பாடம் என்பதுதான். நம் நாட்டில் ஒரே கீர்த்தனத்துக்குப் பாடாந்தரம் மாறுவதுபோல இதிலும் உண்டு. பெரும்பாலான தட்டுகள் சூஸ்மாயர் பாடத்தையே பின்பற்றுகின்றன. 1971-இல் பையர் என்ற அறிஞர் அதன் வாத்திய அமைப்பைத் திருத்தி ஒரு பதிப்பு வெளியிட்டார். ஆர்னொன்கூர் அதைக் கொண்டு 1980-களின் தொடக்கத்தில் பதிவு செய்தார். மான்டர் என்ற ஆங்கிலேயர் இன்னும் ஒரு படி மேலே போய், மொசார்ட் கை படாத 'சாங்துஸ்' பகுதியையே வெட்டிவிட்டார். ஹாக்வுட் 1983-இல் அந்தப் பாடத்தைப் பதிவு செய்தார். வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்துச் சிறுவர்கள் அதில் பாடுகிறார்கள். குரல்கள் பளிங்குபோல இருக்கும். ஆனால் எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், "பரிசுத்தர் இல்லாத பூசை செல்லுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோய்விட்டார். ஆராய்ச்சியாளருக்கு அது நேர்மையாக இருக்கலாம். பூசையாகக் கேட்கிறவர்களுக்கு நடுவில் ஒரு பள்ளம். நாங்கள் அந்தத் தட்டை ஒதுக்கிவைத்தது இந்த ஒரே காரணத்தால்தான். அதற்காக இன்றும் எங்களில் சிலர் வருத்தப்படுவதுண்டு.

மிஞ்சியவை மூன்று.

முதலாவது, கார்ல் போம் 1971-இல் வியன்னா பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு பதிவு செய்தது. பெரிய வாத்தியக் குழு, பெரிய பாடகர் குழு, நிதானமான காலப்பிரமாணம். முழுவதும் கேட்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். வாத்தியார் ஐயாவிடம் இருந்த எல்.பி. தட்டு இதுதான்.

இரண்டாவது, கார்டினர் 1986-இல் லண்டனில் பதிவு செய்தது. பாடகர்கள் குறைவு. வாத்தியங்கள் மொசார்ட் காலத்து அமைப்பில் உள்ளவை. வயலினுக்கு உலோகத் தந்திக்குப் பதில் ஆட்டுக்குடல் நரம்பு. சுருதியும் இன்றைய வழக்கத்தைவிட அரைச் சுரத்துக்கும் குறைவான அளவு கீழே. முதன்முறை கேட்டபோது பிளேயர் மெதுவாகச் சுற்றுகிறதோ என்று எங்களில் ஒருவர் சந்தேகப்பட்டார். ஆனால் ஓட்டமோ வேகம். ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மூன்றாவது தட்டின் வரலாறே வேறு. 1963 நவம்பர் 22-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர் கென்னடிக்காக, 1964 ஜனவரி 19-ஆம் நாள் பாஸ்டன் திருச்சிலுவைப் பேராலயத்தில் கர்தினால் குஷிங் ஆண்டகை நிறைவேற்றிய மரித்தோர் பூசையின் நேரடிப் பதிவு அது. பாஸ்டன் சிம்பனி குழுவை லைன்ஸ்டார்ஃப் நடத்தினார். இசை மட்டுமல்ல, குருவின் மன்றாட்டுகளும் அதில் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய சாசனத்தை 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்டு ஏழு வாரம்கூட ஆகாத நேரம் அது. பூசை முழுவதும் லத்தீனில். மொசார்ட்டின் இருநூறாவது நினைவு நாளில், 1991 டிசம்பர் 5 அன்று வியன்னா புனித ஸ்தேபான் பேராலயத்தில் சோல்டி நடத்தியதும் இதேபோல் பூசையோடு கூடிய பதிவு. அது எங்களுக்குப் பிந்திக் கிடைத்ததால் அன்றைய போட்டியில் இல்லை.

ஒப்பிடுவதற்கு ஒரு முறை வகுத்துக்கொண்டோம். முழுவதையும் மூன்று முறை கேட்பது பயனற்றது. மூன்றாவதைக் கேட்கும்போது முதலாவது மறந்துவிடும். ஆகவே மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். 'கீரியே' பகுதியில் நான்கு குரல்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். அதில் ஆல்டோவையும் டெனரையும் தனித்தனியே பிடிக்க முடிகிறதா என்பது ஒன்று. 'தூபா மீரும்' பகுதியில் இறுதித் தீர்ப்பின் எக்காளமாக ஒரு ட்ராம்போன் தனித்து ஒலிக்கும். அது அழைக்கிறதா, அதட்டுகிறதா என்பது இரண்டு. 'ரெக்கொர்தாரே' பகுதியில் நான்கு தனிக்குரல்களும் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கின்றனவா என்பது மூன்று. தொடக்கத்திலேயே வரும் பாஸெட் ஹார்னையும் சேர்த்துக்கொள்ளலாம். கிளாரினெட்டின் தமக்கை என்று சொல்லத்தக்க வாத்தியம் அது. இந்தப் பூசையில் புல்லாங்குழலும் இல்லை, ஓபோவும் இல்லை. அந்த இருட்டு இரண்டு பாஸெட் ஹார்ன்களால் வருவது. போமின் தட்டில் அது வயலின்களுக்குள் கரைந்துவிடுகிறது. கார்டினர் தட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுவதுபோல் கேட்கும்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாகவேண்டும். முதல் வாரம் வாக்கெடுத்தபோது கார்டினருக்கு ஒன்பது, போமுக்கு இரண்டு. இளைஞர்கள் கைதட்டினார்கள். "பெரிய குழு, பழைய பாணி, அந்தக் காலத்தோடு போயிற்று" என்று ஒரு தம்பி சொன்ன சொல் மூத்தவர்களைச் சுட்டது. வாத்தியார் ஐயாவின் ரசனையையே பழித்ததாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு பூசையில் டெனர் வரிசையில் இருவர் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது: குறுந்தகட்டை ஒலிக்கவிட்டபோது சத்தம் எல்.பி.யைவிடக் கூடுதலாக இருந்திருக்கிறது. ஒரே இசையைச் சற்றே உரக்க வைத்தால் காது அதையே மேல் என்று சொல்லும். ஒலிபெருக்கி பிடிக்கும் எந்தப் பையனுக்கும் தெரிந்த இந்த விஷயம், இசை நுணுக்கம் பேசிய எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் முறை எல்லாத் தட்டுகளையும் கணினியில் ஏற்றி, சத்தத்தைச் சமமாக்கி, உறையை மறைத்து, எண் மட்டும் கொடுத்துக் கேட்டோம். 'கீரியே'வில் கார்டினர் மறுபடி வென்றார். பாடகர்களாகிய எங்களுக்கு அதில்தான் நான்கு இழையும் தெரிந்தன. 'ரெக்கொர்தாரே'வில் போம். அந்தக் காலத்தோடு போயிற்று என்று சொன்ன தம்பியும் அந்த எண்ணுக்கே வாக்களித்திருந்தார். எண்ணைப் பிரித்துப் படித்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் எல்லாருக்கும் கொஞ்சம் பயம் வந்திருந்தது. டெனர் அண்ணன்மார் இருவரையும் தேடிப்போய் அவரே அழைத்து வந்தார்.

பாஸ்டன் பதிவு எந்தப் பகுதியிலும் வெல்லவில்லை. பாடகர்கள் பல இடங்களிலிருந்து கூடியவர்கள். பேராலயத்தின் எதிரொலியில் சொற்கள் குழம்புகின்றன. ஆனாலும் அந்த வரிசையில் அமர்ந்திருந்த எழுபது வயதைக் கடந்த தாய்மார், குருவின் குரல் லத்தீனில் எழுந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். 'தியெஸ் ஈரே' தொடங்கியபோது ஒரு பாட்டி அந்தச் சொற்களைக் கூடவே முணுமுணுத்தார். தமிழ் எழுத்தில் லத்தீன் வார்த்தைகளை எழுதிவைத்துக் கறுப்புப் பூசைக்குப் பாடிய தலைமுறை அது. 1969-70 சீர்திருத்தத்தில் அந்தப் பாடல் அடக்கத் திருப்பலியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. மெட்டு வேறு, மொசார்ட் வேறு என்றாலும், சொல்லை அவர் மறக்கவில்லை. ஒலிப்பதிவின் தரத்தை மதிப்பிட நாங்கள் வகுத்த முறையில் இதற்கு மதிப்பெண் போட இடமில்லாமல் போயிற்று.

திருநாளுக்கு நான்கு நாள் இருந்தது. தீர்மானம் ஆகவில்லை. கடைசியில், முதலிலேயே செய்திருக்கவேண்டியதைச் செய்தோம். வாத்தியாரம்மாவைப் போய்ப் பார்த்தோம். போம், கார்டினர் என்ற பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. நாங்கள் கொண்டுபோன கணினியில் மூன்றிலும் 'லாக்ரிமோசா'வைப் போட்டுக் காட்டினோம். போமின் பதிவை, அதுவும் சுத்தம் செய்யப்பட்ட குறுந்தகட்டிலிருந்து எடுத்ததை, முழுதாகக் கேட்டார். "இது இல்லை தம்பி" என்றார். "அவங்க விடியக்காலம் போடுறதுல, அந்த அழுகை மேல ஏறும்போது டக், டக்குன்னு ஒரு சத்தம் வரும். அது வந்தா நான் காப்பிக்குப் பால் வைக்கணும். அதுதான்."

அலமாரியிலிருந்து தட்டை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடிபோல் துடைத்து வைத்திருந்தார். ஒரு கீறல், நகம் அளவு.

நவம்பர் 2-ஆம் நாள் இரவு ஏழரை மணிக்கு அதையே ஒலிக்கவிட்டோம். குறுந்தகடு போடலாமே, அதே பதிவுதானே என்று சொன்னவர் எங்களில் ஒருவரும் இல்லை. முள்ளை மட்டும் புதிதாக மாற்றினோம். மொசார்ட்டின் கை ஓய்ந்த எட்டு வரிசையைத் தாண்டிச் சற்றைக்கெல்லாம் அந்தச் சத்தம் வந்தது. முதல் வரிசையில் இருந்த வாத்தியாரம்மா எழுந்திருக்கப் போனவர்போல் நாற்காலியின் கையைப் பிடித்துவிட்டு, மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கார்டினருக்காக வாதாடிய தம்பிதான் தட்டைத் திருப்பிப் போட்டவர்.

இன்றைக்கும் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு, குரல் பயிற்சி உள்ளவரானால் கார்டினரையும், வீட்டில் அமைதியாகக் கேட்பவரானால் போமையும் சொல்லுவோம். பழைய லத்தீன் பூசையை அறியாத பிள்ளைகளுக்குப் பாஸ்டன் அல்லது வியன்னா பதிவை ஒருமுறையாவது போட்டுக் காட்டுங்கள். உறையில் உள்ள பெரிய பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். முடிந்தால் 'ரெக்கொர்தாரே'வை மட்டும் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நாங்கள் சொன்ன பதிவுகள் எல்லாம் பங்கு நூலகத்தின் மூன்றாவது அடுக்கில் உள்ளன. பெயரை எழுதிவிட்டு இரண்டு வாரத்துக்கு எடுத்துச்செல்லலாம். வாத்தியார் ஐயாவின் எல்.பி. மட்டும் அங்கே இல்லை. அது வாத்தியாரம்மா வீட்டிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கல்லறைத் திருநாளன்று போய் வாங்கிவருகிறோம்.