வருமான வரிப் படிவத்தில் தப்பா? டிசம்பர் 31-க்குள் சரிசெய்யலாம்!

(2025 நவம்பரில், மாவட்ட நூலகம் ஒன்றில் நடந்த குடிமக்கள் சேவை விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் ஆடிட்டர் இல்லை. இதழியல் படிச்சிட்டு, தகவல் துறையில் எழுதுற வேலையில் இருக்கேன். வருமான வரியும் நம்ம மாநில அரசோட துறை இல்லை, மத்திய அரசோடது. அப்புறம் ஏன் இதைப் பத்திப் பேச வந்தேன்? இ-சேவை, சான்றிதழ்னு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், முடிஞ்சதும் யாராவது ஒருத்தர் போனை நீட்டி, "ஏம்மா, இந்த மெசேஜ் என்னன்னு கொஞ்சம் பாரும்மா" என்று கேட்கிறார்கள். அதில் நிறைய, வருமான வரி சம்பந்தப்பட்ட மெசேஜ்.

இன்னொரு காரணம், எங்க அம்மா. தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபிக்சட் டெபாசிட் வட்டியில் வங்கி வரி பிடித்திருந்தது. அதைத் திரும்ப வாங்க, தெரிந்தவர் ஒருவரிடம் பான் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் கொடுத்து 2024 ஜூலையில் ரிட்டர்ன் போட்டார். எட்டு மாதம் ஆகியும் பணம் வரவில்லை. கேட்டால், "வரும்மா, கவர்ன்மென்ட் வேலை, லேட் ஆகும்" என்றே பதில்.

ஒருநாள் நானே உட்கார்ந்து லாகின் செய்யப் பார்த்தேன். ஓடிபி அம்மா போனுக்கு வரவில்லை. கணக்கில் இருந்த மொபைல் எண், மின்னஞ்சல் இரண்டும் படிவம் போட்டுக் கொடுத்தவருடையது! ஆதார் ஓடிபி மூலம் பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனால், ரிட்டர்ன் போட்டது போட்டபடியே கிடக்கிறது. இ-வெரிஃபை செய்யவே இல்லை. அதைச் சொல்லி வந்த மெசேஜ்கள் எதுவும் அம்மா கண்ணில் படவே இல்லை.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "என் மேல கேஸ் போடுவாங்களா?" என்பதுதான். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பயம் தேவையே இல்லாதது. அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். படிவத்தில் தெரியாமல் செய்த தப்பைத் திருத்த சட்டத்திலேயே வழி இருக்கு. எந்தத் தப்புக்கு எந்த வழி, அதுக்குக் கெடு எப்போ என்று தெரிந்தால் போதும்.

கெடு என்றதும் ஒரு தேதியை மனசில் வெச்சுக்கோங்க: 2025 டிசம்பர் 31. இந்த வருஷம் ரிட்டர்ன் போட ஜூலை 31 கடைசி நாளாக இருந்து, செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போய், அப்புறம் ஒருநாள் கூடி செப்டம்பர் 16-ல் முடிந்தது. கடைசி நேரத்தில் அவசர அவசரமாகப் போட்டவர்கள் இங்கேயும் இருப்பீங்க. 2024-25 நிதியாண்டுக்கு, அதாவது 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்குப் போட்ட ரிட்டர்னைத் திருத்தி மறுபடி போட டிசம்பர் 31 வரை நேரம் இருக்கு. இதுக்குப் பெயர் ரிவைஸ்டு ரிட்டர்ன். அபராதக் கட்டணம் கிடையாது. ரீஃபண்ட் கைக்கு வந்த பிறகும் போடலாம்.

இனி, அதிகம் நடக்கிற தப்புகள்.

1. இ-வெரிஃபை செய்யாமல் விடுவது

"சப்மிட் அமுக்கிட்டேன், முடிஞ்சுது" என்று நினைக்கிறோம். முடியவில்லைங்க. ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் அதைச் சரிபார்க்க வேண்டும். ஆதார் ஓடிபி இருந்தால் இரண்டு நிமிட வேலை. நெட் பேங்கிங் வழியாகவும் செய்யலாம். அதுவும் முடியாதவர்கள், ஐடிஆர்-வி என்ற ஒரு பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டு பெங்களூரு மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். எதையும் செய்யவில்லை என்றால் அந்த ரிட்டர்ன் செல்லாது, போடாததற்குச் சமம்.

30 நாள் தாண்டியிருந்தால், தாமதத்துக்குக் காரணம் எழுதி அதே தளத்தில் மன்னிப்பு விண்ணப்பம் கொடுக்கலாம். அம்மாவுக்கு அதைத்தான் செய்தோம். காத்திருந்து, 14,320 ரூபாய் அவர் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

2. ஒரு வருஷத்தில் இரண்டு வேலை, ஒரே ஒரு ஃபார்ம் 16

இது இளைஞர்களுக்கு. ஒரு கணக்குப் பார்ப்போம். ஆறு மாதம் ஒரு கம்பெனியில் மாதம் 60,000 ரூபாய், அடுத்த ஆறு மாதம் வேறொரு கம்பெனியில் மாதம் 75,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் வரி பிடிக்கவில்லை. ஏன்னா, தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே வரி வராத வரம்புக்குள்தான் இருக்கு. கடைசி கம்பெனியின் ஃபார்ம் 16-ஐ மட்டும் வைத்து ரிட்டர்ன் போட்டாச்சு.

ஆனால் சேர்த்துப் பார்த்தால் 8,10,000 ரூபாய். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 7,35,000. அந்த நிதியாண்டுக்கு முழு வரித் தள்ளுபடி 7 லட்சம் வரைதான். ஆக, செஸ் சேர்த்து 24,440 ரூபாய் வரி வருது. வட்டி தனி.

இந்த விவரம் துறைக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டு கம்பெனியும் உங்க பான் எண்ணில் கொடுத்த விவரம் அங்கே ஏற்கெனவே இருக்கு. அதனால், அவர்கள் கேட்கும் முன் நாமே சரிசெய்வது நல்லது. முதலில் வரியைக் கட்டுங்க. கட்டும்போது மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்றும், வகை 'செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ் (300)' என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். வருஷத்தை மாற்றிப் போட்டால், கட்டின பணம் வேறொரு வருஷத்தின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு அந்தச் சலான் விவரத்தோடு 139(5) பிரிவில் ரிவைஸ்டு ரிட்டர்ன் போடுங்க. பழைய ரிட்டர்னின் ஒப்புகை எண் கேட்கும், எடுத்து வெச்சுக்கோங்க. புது ரிட்டர்னையும் மறக்காமல் இ-வெரிஃபை செய்யணும்.

3. வட்டியை விட்டுவிடுவது

பெரியவர்கள் பலர் சொல்வது: "15எச் கொடுத்துட்டேனே, அப்புறம் எதுக்குக் காட்டணும்?" 15எச் என்பது வங்கி வரி பிடிக்காமல் இருப்பதற்கான உறுதிமொழி மட்டும்தான். வட்டி வருமானம் வருமானம்தான், படிவத்தில் காட்டணும்.

இதைச் சரிபார்க்க நல்ல வழி ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை. வருமான வரித் தளத்தில் உங்க லாகினிலேயே இருக்கு. சம்பளம், வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை என உங்க பான் எண்ணில் பதிவானது எல்லாம் அதில் வரும். அதையும், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரிட்டர்னைப் பாருங்க.

ஏஐஎஸ்-ல் இருப்பது உங்களுடையது இல்லை என்றால், அங்கேயே அந்த வரியின் பக்கத்தில் மறுப்புக் கருத்தைப் பதிவு செய்யலாம். உங்களிடம் பிடித்த வரி 26ஏஎஸ்-ல் இல்லை என்றால், துறைக்கு எழுதிப் பயனில்லை. பிடித்த வங்கியோ அலுவலகமோதான் தங்கள் டிடிஎஸ் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்யணும். பெரும்பாலும் பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அவர்களிடம் எழுத்துமூலம் கேளுங்க.

4. வங்கிக் கணக்கில் சிக்கல்

ரீஃபண்ட் அனுமதியாகியும் வராமல் நிற்பதற்கு இது பெரிய காரணம். வங்கிகள் இணைந்தபோது ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறியிருக்கும். பான் கார்டில் இருக்கிற பெயரும் பாஸ்புக் பெயரும் ஒத்துப்போகாது. அல்லது பான் எண் ஆதாரோடு இணையாமல் செயலிழந்திருக்கும். தளத்தில் கணக்கை 'வேலிடேட்' செய்துவிட்டு, ரீஃபண்டை மறுபடி அனுப்பச் சொல்லி விண்ணப்பம் கொடுக்கலாம். இதுக்கு ரிவைஸ்டு ரிட்டர்ன் தேவையில்லை.

5. நோட்டீஸ் என்றாலே பயப்படுவது

143(1) என்று ஒரு கடிதம் மின்னஞ்சலில் வரும். அது வழக்கு இல்லைங்க. நீங்க போட்ட கணக்கு ஒரு பக்கம், அவங்க போட்ட கணக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, அதோடு பிறந்த தேதியைச் சேர்த்தால் கோப்பு திறக்கும். வித்தியாசம் எந்த வரியில் என்று பாருங்க. தப்பு அவர்கள் பக்கம் என்றால் 'ரெக்டிஃபிகேஷன்' விண்ணப்பம் கொடுக்கலாம். நாம் விட்டுப்போன வருமானத்தையோ புதுக் கழிவையோ அதில் சேர்க்க முடியாது. அதுக்கு ரிவைஸ்டு ரிட்டர்ன்தான்.

139(9) என்று வந்தால், படிவத்தில் குறை இருக்கு என்று அர்த்தம். 15 நாளுக்குள் பதில் சொல்லணும். இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க.

டிசம்பர் 31-ஐ விட்டால்?

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. அதுக்கப்புறம் 'அப்டேட்டட் ரிட்டர்ன்' என்று ஒன்று இருக்கு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம். ஆனால் இலவசம் இல்லை. முதல் 12 மாதத்துக்குள் போட்டாலே வரி, வட்டி இரண்டின் மேலும் 25 சதவீதம் கூடுதல் வரி. தள்ளத் தள்ள அது 50, 60, 70 சதவீதம் வரை போகும். நாம் பார்த்த உதாரணத்தில் 24,440 ரூபாய்க்கு மட்டும் 6,110 ரூபாய் கூடுதல்.

அதைவிட முக்கியம், அப்டேட்டட் ரிட்டர்ன் மூலம் ரீஃபண்ட் கேட்க முடியாது, ரீஃபண்டைக் கூட்டவும் முடியாது. அதாவது, அரசுக்கு நாம் கட்டணும்னா நாலு வருஷம் நேரம் இருக்கு. நமக்கு வரணும்னா டிசம்பர் 31-ஓடு சரி. அதன் பிறகு தக்க காரணம் காட்டி, தனியாக அனுமதி கேட்டு அலையணும். சிறு வருமானக்காரர்களுக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம்.

இதுவரை ரிட்டர்னே போடாதவர்களுக்கும் அதே நாள்தான் கெடு. தாமதக் கட்டணம் 5,000 ரூபாய்; மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய். தாமதமாகப் போட்டால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தெரியாமல் செய்தது வேறு, தெரிந்து செய்தது வேறு

"ரீஃபண்ட் நிறைய வாங்கித் தர்றேன், அதில் எனக்கு இவ்வளவு கொடுங்க" என்று யாராவது வந்தால் விலகி நில்லுங்க. கொடுக்காத நன்கொடை, கட்டாத பிரீமியம் எல்லாம் எழுதிவிடுவார்கள். 2025 ஜூலை 14-ல் வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது இப்படிப்பட்ட போலிக் கழிவுகளுக்காகத்தான். கமிஷன் வாங்கினவர் யாரோ, ஆனால் ரிட்டர்னில் இருப்பது உங்க பான் எண். அப்படி ஏதாவது எழுதப்பட்டிருந்தால், அதை எடுத்துவிட்டுத் திருத்திப் போடவும் இதே ரிவைஸ்டு ரிட்டர்ன்தான் வழி.

அதேபோல, "உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று வரும் மெசேஜைத் தொடாதீங்க. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க. நோட்டீஸ் உண்மையா என்று சந்தேகம் வந்தால், அதில் இருக்கும் ஆவண எண்ணை வருமான வரித் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். லாகின்கூட வேண்டாம். தளத்தின் முகவரி இன்கம்டாக்ஸ்.கவ்.இன். உதவிக்கு 1800 103 0025, கட்டணமில்லா எண்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. உங்க கணக்கைத் திறந்து மூணு விஷயம் மட்டும் பாருங்க: அதில் இருக்கிற மொபைலும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா? ரிட்டர்ன் இ-வெரிஃபை ஆகியிருக்கா? ஏஐஎஸ்-ல் இருக்கிற தொகை எல்லாம் ரிட்டர்னில் வந்திருக்கா? வீட்டில் பெரியவங்க இருந்தால் அவங்க கணக்கையும் சேர்த்துப் பாருங்க. படிவத்தை யார் போட்டுக் கொடுத்தாலும் பரவாயில்லை, எண்ணும் பாஸ்வேர்டும் உங்க கையில் இருக்கட்டும்.

எங்க அம்மா இந்த வருஷம் தானே உட்கார்ந்து ரிட்டர்ன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். ஓடிபி வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அடித்தார். முடிந்ததும், "இவ்ளோதானா?" என்றார்.